அந்தக் காலம் யாருக்கு இருந்தது?

தாராளமயத்துக்கு முந்தைய பால்யத்தை நினைத்து ஒரு தலைமுறையே ஏங்குகிறது. அந்த ஏக்கத்தில் உண்மை எவ்வளவு, மறதி எவ்வளவு?

கமர்கட், தேன்மிட்டாய், சூடமிட்டாய், பல்லிமிட்டாய் எல்லாவற்றையும் ஒரே அட்டைப்பெட்டியில் அடுக்கி, மேலே ‘90ஸ் கிட்ஸ்’ என்று அச்சடித்து விற்கிறார்கள். பெட்டிக்கடைக்காரர் பாட்டிலுக்குள் கையை விட்டு எடுத்துக் கொடுத்த சில்லறைப் பண்டம் இன்று பரிசுப்பொருள். ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின் சூடு ஆறுவதற்குள், 2017 மார்ச் முதல் கோக், பெப்சி விற்பதில்லை என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தபோது, காளிமார்க்கின் பொவொண்டோவைக் கடை கடையாகத் தேடி வாங்கினார்கள். அந்தத் தேடலில் அரசியல் கொஞ்சம், பால்யம் மீதி. 2020 மார்ச் 28 அன்று, ஊரடங்கு தொடங்கிய நான்காம் நாளே, தூர்தர்ஷன் தன் பழைய ராமாயணத் தொடரை மறுபடி ஒளிபரப்பியது. நூற்றுக்கணக்கான சேனல்களும் கைக்குள் உலக சினிமாவும் இருக்கும்போது, 33 ஆண்டுப் பழைய தொடரின் முன்னால் கோடிக்கணக்கானோர் உட்கார்ந்தார்கள். சிவகாசியிலிருந்து வரும் லயன், முத்து காமிக்ஸ் மறுபதிப்புகளுக்குக் காத்திருக்கும் வாசகர்களில் பலருக்குத் தலை நரைத்துவிட்டது.

சந்தைக்கு இந்த ஏக்கம் நன்றாகப் புரிந்திருக்கிறது. நாம்தான் அதைச் சரியாக விசாரிக்கவில்லை. ‘கையில் காசு இல்லை, ஆனாலும் நிம்மதி இருந்தது’ என்ற வாக்கியம் குடும்பச் சந்திப்பிலிருந்து பட்டிமன்ற மேடை வரை ஒலிக்கிறது. கேட்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள். ஒரு கட்சி, வளர்ச்சி வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது என்கிறது. மற்றது, இதெல்லாம் வயசானவர்களின் புலம்பல், அந்த வறுமையில் ஏங்க என்ன இருக்கிறது என்கிறது. இரண்டும் பாதி வழியில் நின்றுவிடுகின்றன. கடந்த காலத்தைப் பற்றி இந்த ஏக்கம் சொல்லும் சாட்சியத்தை அப்படியே நம்ப முடியாது. நிகழ்காலத்தைப் பற்றி அது கொடுக்கும் புகாரை அப்படியே தள்ளவும் முடியாது. சாட்சியத்தையும் புகாரையும் தனித்தனியாக எடுத்து விசாரித்தால்தான் இந்த வழக்கில் தீர்ப்பு எழுத முடியும்.

முதலில் ‘அந்தக் காலம்’ எங்கே முடிகிறது என்று பார்க்க வேண்டும். பொருளாதார நூல்களில் கோடு தெளிவாக இருக்கிறது: 1991 ஜூலை 24, மன்மோகன் சிங் பட்ஜெட் வாசித்த நாள். அந்தக் கோடையில் நாட்டின் அந்நியச் செலாவணி சில வார இறக்குமதிக்குக்கூடப் போதாமல் போய், 47 டன் தங்கத்தை வெளிநாட்டு மத்திய வங்கிகளிடம் ஈடு வைக்க நேர்ந்தது. ஆனால் ஏங்குகிறவர்கள் போடும் கோடு அங்கே இல்லை. எண்பதுகளில் வளர்ந்தவருக்கு அது கேபிள் வருவதற்கு முன்; சன் டி.வி. தொடங்கியதே 1993 ஏப்ரலில்தான். தொண்ணூறுகளின் பிள்ளைகளுக்கு அது செல்போன் வருவதற்கு முன். ‘2கே கிட்ஸ்’ என்று கேலி செய்யப்பட்டவர்களே இப்போது ஸ்மார்ட்போனுக்கு முந்தைய நாட்களைப் பற்றிப் பெருமூச்சு விடுகிறார்கள். சொல்பவரின் வயதோடு கோடும் நகர்கிறது. நடு வயதைத் தாண்டியவர்களுக்குப் பத்து முதல் முப்பது வயது வரையிலான நினைவுகளே மிகுதியாகவும் துலக்கமாகவும் மேலெழும் என்று நினைவாற்றலை ஆய்வோர் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். ஆக, ஏக்கத்தில் ஒரு பங்கு வயதின் வேலை. அதைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பார்ப்போம்.

வரிசையில் நின்றவர்கள், நிற்காதவர்கள்

அந்த நாட்களுக்குக் கொடுக்கப்படும் முதல் நற்சான்றிதழ் பொறுமை. எதுவும் கேட்டவுடன் கிடைக்காது, அதனால் கிடைத்ததன் அருமை தெரிந்தது என்பது வாதம். அந்தக் காத்திருப்பு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்கும். 1951-ன் தொழில்கள் சட்டப்படி ஒரு தொழிற்சாலை எதைச் செய்யலாம், எவ்வளவு செய்யலாம் என்பதை டெல்லியில் வாங்கும் உரிமம் தீர்மானித்தது. ஸ்கூட்டர் வாங்க ஆள் இருந்தது, செய்துதரக் கம்பெனி இருந்தது. கூடுதலாகச் செய்ய அனுமதி இல்லை. பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டுப் பத்தாண்டு வரை காத்திருந்தவர்கள் உண்டு. டெலிபோனின் கதையும் அதுவே. 1991-ல் 84 கோடிப் பேர் இருந்த நாட்டில் ஏறத்தாழ 50 லட்சம் இணைப்புகள்தான். நூறு பேருக்கு ஒன்றுகூட இல்லை. அந்த வரிசையும் எல்லோருக்கும் ஒரே வரிசை இல்லை. கூடுதல் முன்பணம் கட்டினால் ‘ஓ.ஒய்.டி.’ என்ற தனி வரிசை, எம்.பி.யைத் தெரிந்தால் அவருடைய கோட்டா. செல்வாக்கு உள்ளவன் முன்னால் போனான், இல்லாதவன் பொறுமைசாலி ஆனான். வேறு வழியில்லாமல் நின்றதை நற்குணக் கணக்கில் எழுதுவது பின்னால் வந்த அலங்காரம்.

அந்தப் பொருளாதாரத்தின் வேகத்துக்கு ராஜ் கிருஷ்ணா என்ற பொருளாதார அறிஞர் ‘இந்து வளர்ச்சி விகிதம்’ என்று கேலியாகப் பெயர் வைத்தார்: ஆண்டுக்குச் சுமார் 3.5 சதவீதம். மக்கள்தொகை ஆண்டுக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் கூடிக்கொண்டிருந்ததால், தலைக்கு மிஞ்சியது ஒரு சதவீதத்தைச் சற்றுத் தாண்டியது. எண்பதுகளில் வேகம் கொஞ்சம் கூடியது என்றாலும், 1991 கணக்கெடுப்பில் மின்விளக்கு இருந்த வீடுகள் 42 சதவீதம், கழிப்பறை இருந்த வீடுகள் 24 சதவீதம். அரிக்கேன் விளக்கின் வெளிச்சத்தில் படித்ததைப் பெருமையாகச் சொல்கிறவர்கள், படித்து மேலே வந்தவர்கள். அதே வெளிச்சத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு புத்தகத்தை மூடிவைத்த பிள்ளை இன்று பேட்டி கொடுப்பதில்லை.

காத்திருந்த தலைமுறை, கதவு திறந்ததும் என்ன செய்தது என்பதும் ஒரு சாட்சியம். எளிமையின் அருமை உண்மையாகவே மனதில் பதிந்திருந்தால், வசதி வந்த பிறகும் அது கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். நடந்தது வேறு. அரசுப் பள்ளியில் படித்து ஆளானவர்கள் தம் பிள்ளைகளுக்கு மெட்ரிக், சி.பி.எஸ்.இ. தேடினார்கள். தெருவில் விளையாடி வளர்ந்தவர்கள் காவலாளி வைத்த அடுக்குமாடியில் வீடு வாங்கினார்கள். சைக்கிளில் பள்ளிக்குப் போனவர்கள் பிள்ளையை வேனில் ஏற்றினார்கள். பிள்ளைக்கு நல்லது என்று நினைத்தே செய்தார்கள், சந்தேகமில்லை. ஆனால் வாய் புகழும் வாழ்க்கையைப் பணம் தேர்ந்தெடுக்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

கணக்கில் வராத பிள்ளைகள்

பால்ய நினைவுக்கு ஒரு பெரிய குறை உண்டு: பால்யத்தைத் தாண்டியவர்களுக்கு மட்டுமே அது இருக்கும். 1981-ல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 110 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. தமிழ்நாட்டில் அந்த எண் 91. 2020-ல் நாட்டுக்கு 28, தமிழ்நாட்டுக்கு 13. உசிலம்பட்டி வட்டாரத்தில் பெண் சிசுக்கள் கொல்லப்படுவது பத்திரிகைகள் வழியே நாடெங்கும் தெரியவந்தது எண்பதுகளின் நடுவில். தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது 1992-ல். போலியோவில் கால் சூம்பிய பிள்ளையைக் காணாத பள்ளிக்கூடம் அரிது. நாட்டின் கடைசி போலியோ நோயாளி கண்டறியப்பட்டது 2011 ஜனவரியில். ‘அந்தக் காலத்தில் பிள்ளைகள் திடமாக இருந்தார்கள்’ என்று சொல்லும்போது, திடமில்லாதவர்கள் எங்கே போனார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

உயிரோடிருந்த பிள்ளைகளுக்கும் பால்யம் சமமாகப் பங்கிடப்படவில்லை. இதைப் பார்க்கச் சிவகாசியைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. இரும்புக்கை மாயாவியோடு முத்து காமிக்ஸ் 1972-ல் அங்கிருந்துதான் கிளம்பியது; 1984-ல் லயன் காமிக்ஸ் வந்ததும் அங்கிருந்துதான். தமிழ்நாட்டின் மத்தியதர வீடுகளில் ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் கோடை விடுமுறையை நிரப்பிய தாள்கள் அந்த ஊர் அச்சகங்களில் ஓடின. அதே ஊரைச் சுற்றியிருந்த கிராமங்களில், விடிவதற்கு முன்னால் தீப்பெட்டி ஆலைகளின் பஸ் வந்து நிற்கும். அதில் ஏறிய பிள்ளைகளுக்கும் காமிக்ஸ் படித்த பிள்ளைகளின் வயதுதான். சட்டத்தில் குச்சி அடுக்குவது, பெட்டி ஒட்டுவது, லேபிள் ஒட்டுவது எல்லாம் எண்ணிக்கைக் கூலி. விரல் எவ்வளவு வேகமோ அவ்வளவு காசு. சலம் பென்னூர்கர் 1990-ல் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்ற ஆவணப்படம் இந்தப் பிள்ளைகளைப் பற்றியது. தீபாவளிக்கு முந்தைய நாள் பட்டாசுப் பொட்டலத்தைப் பிரித்துக் காயவைத்த நினைவை இன்றைக்கும் பலர் உருகி எழுதுகிறார்கள். பொட்டலத்தின் அந்தப் பக்கத்திலும் ஒரு பால்யம் இருந்தது.

இதெல்லாம் வறுமையின் கொடுமை, அதற்கு யார் என்ன செய்ய முடியும் என்று சொல்லலாம். 1991-லேயே இதற்குப் பதில் வந்தது. அமெரிக்க அரசியல் அறிஞர் மைரன் வெய்னர் அந்த ஆண்டு வெளியிட்ட ‘இந்தியாவில் குழந்தையும் அரசும்’ என்ற நூலில், நம்மைவிட ஏழ்மையான நிலையில் இருந்தபோதே பல நாடுகள் கட்டாயக் கல்வியைக் கொண்டுவந்ததை எடுத்துக்காட்டி, இந்தியா அதைச் செய்யாததற்கு ஏழ்மையைவிடப் படித்த வர்க்கத்தின் மனப்பாங்கே காரணம் என்று வாதிட்டார். ஏழை வீட்டுப் பிள்ளை வேலைக்குப் போவது இயல்பு, தன் பிள்ளை பள்ளிக்குப் போவது இயல்பு என்று நினைத்த மனப்பாங்கு அது. 1981 கணக்கெடுப்பு எண்ணிய குழந்தைத் தொழிலாளர்கள் 1.36 கோடி. கல்வியை அடிப்படை உரிமையாக்கும் சட்டம் நடைமுறைக்கு வர 2010 ஆக வேண்டியிருந்தது.

ஊரே ஒரு குடும்பமாக இருந்தது என்ற நினைவையும் இதே தராசில்தான் வைக்க வேண்டும். எண்பதுகளின் தெருவில் ஒன்றிரண்டு வீடுகளில்தான் டி.வி. இருக்கும். வெள்ளிக்கிழமை மாலை ‘ஒளியும் ஒலியும்’ நேரத்தில் அந்த வீட்டுக் கூடம் நிரம்பிவிடும். வீட்டுக்காரர்கள் நாற்காலியில், தெரிந்தவர் வீட்டுப் பிள்ளைகள் தரையில். இத்தனையும் எல்லோர் நினைவிலும் இருக்கிறது. வாசற்படிக்கு வெளியே நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி பார்த்த பிள்ளைகள் அந்த நினைவில் அநேகமாக வருவதில்லை. யார் உள்ளே உட்கார்ந்தார்கள், யார் ஜன்னலோடு நின்றார்கள் என்பதைப் பல ஊர்களில் சாதி முடிவு செய்தது. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தலித் குடியிருப்பைப் பிரித்துச் சுவர் எழுப்பப்பட்டது 1989-ல், எல்லோரும் ஏங்கும் அதே பத்தாண்டில். அதன் ஒரு பகுதியை இடிக்க 2008 மே வரை ஆனது. சுவரின் எந்தப் பக்கத்தில் நின்று நினைக்கிறோம் என்பதைப் பொறுத்தது, ‘ஊரே ஒரு குடும்பம்’.

வீட்டுக்குள்ளும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. கூட்டுக் குடும்பத்தின் நிதானத்தையும் அம்மிச் சட்னியின் ருசியையும் பேசாத நினைவுக் கட்டுரை இல்லை. அந்த அம்மியை அரைத்த கைகளுக்கு அது நிதானமான காலமாக இருந்திருக்காது. 2001-ல்கூட நாட்டின் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் விறகில்தான் சமையல். குழாயடியில் குடம், ரேஷனில் மண்ணெண்ணெய், ஆட்டுக்கல்லில் மாவு என்று பெண்களின் பகல் முழுவதும் போனதன் மேல்தான் மற்றவர்களின் நிதானம் நின்றது. பெண் பிள்ளைகளில் பலருக்கு விளையாட்டு, வயதுக்கு வந்த நாளோடு முடிந்தது. பள்ளிக்கூடமும் பல வீடுகளில் அன்றோடு முடிந்தது. 1981-ல் ஏழு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் பத்துக்கு மூன்று பேர். தமிழக அரசு 2011-ல் மிக்சியும் கிரைண்டரும் இலவசமாகக் கொடுத்தபோது நகைத்தவர்கள் நிறைய. அம்மி அரைத்துத் தோள் வலித்தவர்கள் அதில் இருந்திருக்க மாட்டார்கள்.

பொய்யில்லாத பகுதி

இவ்வளவையும் கழித்த பிறகும் ஏக்கத்தில் மிச்சம் ஒன்று நிற்கிறது. அதற்கும் எண்கள் சாட்சி சொல்கின்றன. 1991-ல் இந்தியாவில் பதிவாகியிருந்த மோட்டார் வாகனங்கள் 2.14 கோடி, 2020-ல் 32.6 கோடி. முப்பது ஆண்டுகளில் பதினைந்து மடங்கு. தெருக்களின் அகலம் அப்படியேதான் இருக்கிறது. கில்லியும் கோலியும் பம்பரமும் அழிந்ததற்கு இன்றைய பிள்ளைகளின் சோம்பலைக் குறைசொல்கிறோம். அந்த ஆட்டங்களுக்கெல்லாம் தேவைப்பட்ட ஒரே மூலதனம் வண்டி வராத தெரு. ஓடும் வண்டி பாதியையும் நிற்கும் வண்டி மீதியையும் எடுத்துக்கொண்டபின் பம்பரத்துக்கு வட்டம் போட இடம் ஏது? 2022-ல் மட்டும் நாட்டின் சாலைகளில் இறந்தவர்கள் 1.68 லட்சம் பேர். பிள்ளையை வாசலைத் தாண்டி விடாத தாய் அளவுக்கு மீறிப் பயப்படுகிறாள் என்று சொல்ல முடியாது.

விளையாட்டுக் கூட்டாளிகளும் குறைந்துவிட்டார்கள். 1971-ல் தமிழ்நாட்டில் ஒரு பெண் தன் வாழ்நாளில் பெற்ற குழந்தைகள் சராசரி 3.9, 2020-ல் 1.4. தாய்மாருக்கு இது விடுதலை, குடும்பத்துக்கு மூச்சுவிட இடம், யாரும் திரும்பிப் போக விரும்பாத மாற்றம். ஆனால் இதற்கு ஒரு பக்கவிளைவு உண்டு. அக்கா, அண்ணன், தம்பி, அத்தை பிள்ளை, சித்தப்பா பிள்ளை என்று வீட்டுக்குள்ளேயே ஒரு கபடி அணி தேறிய காலம் போய், விளையாடத் துணை வேண்டுமென்றால் பெற்றோர் ஏற்பாடு செய்ய வேண்டிய நிலை வந்துவிட்டது. சொந்தத்தில் பிள்ளைகள் குறையும்போது பொது இடத்தில் பிள்ளைகள் கூடும் வாய்ப்பைப் பெருக்க வேண்டும். நாம் அந்த நேரம் பார்த்துப் பொது இடத்தையும் சுருக்கிக்கொண்டோம்.

மூன்றாவது, பள்ளி. எண்பதுகளில் அரசு அல்லது அரசு உதவி பெறும் பள்ளியின் ஒரே பெஞ்சில் தாசில்தார் ஆபீஸ் குமாஸ்தாவின் பிள்ளையும் கட்டிட வேலைக்குப் போகிறவரின் பிள்ளையும் உட்கார முடிந்தது. எல்லா ஊரிலும் இல்லை, சாதியை மறந்தும் இல்லை, ஆனாலும் உட்கார்ந்தார்கள். இப்போது கட்டணத்தின் அளவைப் பார்த்தே பெற்றோரின் வருமானத்தைச் சொல்லிவிடலாம். ஆண்டுதோறும் வரும் ‘அசர்’ ஆய்வின்படி கிராமப்புற இந்தியாவில் தனியார் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் 2006-ல் 18.7 சதவீதம், 2014-ல் 30.8 சதவீதம். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டை 2020-ல் சட்டமாகவே இயற்ற வேண்டியிருந்தது. ஒரே மாநிலத்துப் பிள்ளைகள் இரண்டு வேறு தண்டவாளங்களில் ஓடுகிறார்கள் என்பதை அரசே ஒப்புக்கொண்ட ஆவணம் அந்தச் சட்டம்.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஏக்கத்தின் உட்பொருள் தெரிகிறது. நினைவில் இனிப்பவை எல்லாம் பொதுவில் இருந்தவை: தெரு, மைதானம், ஆற்றங்கரை, ஊர் நூலகம், வாடகை சைக்கிள், ஒரே சேனல். அவை எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை என்பதைப் பார்த்துவிட்டோம். திறந்திருந்தவர்களுக்கு அவை பால்யத்தின் உயிர்நாடியாக இருந்தன. அவற்றுக்குப் பதிலாக இன்று வந்திருப்பவை தனித்தனியாகக் காசு கொடுத்து வாங்குபவை: அடுக்குமாடிக்குள் நீச்சல்குளம், மணிக்கணக்கில் வாடகைக்கு டர்ஃப், மாதக் கட்டணத்தில் செஸ் வகுப்பு. ‘காசு இல்லை, நிம்மதி இருந்தது’ என்பதை இப்படித் திருத்திச் சொல்லலாம்: காசு இல்லாமலே கிடைத்தவை சில இருந்தன. அந்தச் சிலவற்றை நாம் விற்றுவிட்டோம்.

மூன்று மறுப்புகள்

இதற்கு வரும் முதல் மறுப்பு, ஒவ்வொரு தலைமுறையும் இதையே சொல்கிறது என்பது. சரிதான்; அதற்கு நல்ல சான்றே இருக்கிறது. மால்குடி என்ற கற்பனை ஊரில் ஒரு பால்யத்தை நிரந்தரமாக்கிய ஆர்.கே. நாராயண் மாநிலங்களவை நியமன உறுப்பினராக இருந்தபோது, 1989-ல், பிள்ளைகளின் புத்தகச் சுமையைப் பற்றிப் பேசினார். பள்ளிப் பையும் வீட்டுப்பாடமும் குழந்தைப் பருவத்தை நசுக்குகின்றன என்பது அவர் குற்றச்சாட்டு. நாம் பொற்காலம் என்கிற அதே ஆண்டு! அதைத் தொடர்ந்துதான் யஷ்பால் குழு அமைந்து, ‘சுமையில்லாக் கல்வி’ அறிக்கையை 1993-ல் கொடுத்தது. ஆகவே புலம்பல் பழையது என்பது உண்மை. புலம்பல் பழையது என்பதால் புகார் பொய்யாகிவிடாது. நாராயண் சொன்ன சுமை அன்றும் இருந்தது. கோச்சிங் வகுப்பும் நுழைவுத்தேர்வும் சேர்ந்து இன்று பெருத்திருக்கிறது. வாகனங்களின் எண்ணிக்கையையும் பிறப்பு விகிதத்தையும் எந்த வயதானவரும் ஏக்கத்தால் மாற்றி எழுதிவிட முடியாது.

இரண்டாவது மறுப்பு, வளர்ச்சி வேண்டுமென்றால் இந்த விலையைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது. வளர்ச்சி கொடுத்ததைக் குறைத்துச் சொல்ல முடியாது. டெண்டுல்கர் குழுவின் அளவுகோலில் 1993-94-ல் 45 சதவீதமாக இருந்த வறுமை, 2011-12-ல் 22 சதவீதமாக இறங்கியது. ஆனால் தெருவை வண்டிக்குக் கொடு என்று எந்த வளர்ச்சி விகிதமும் கட்டளையிடவில்லை. நம்மைவிடப் பல மடங்கு செல்வமுள்ள நெதர்லாந்தில் 1971-ல் சாலை விபத்துகளில் சுமார் 3,300 பேர் இறந்தார்கள், அவர்களில் 400-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். பெற்றோர்கள் தெருவில் இறங்கி, ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்றே பெயர் வைத்து இயக்கம் நடத்தினார்கள். அதற்குப் பிறகுதான் அந்த நாட்டின் தெருக்கள் சைக்கிளுக்கும் நடைக்கும் ஏற்ப மாற்றி அமைக்கப்பட்டன. ஜப்பானின் பெருநகரங்களில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் இன்றும் தாமாக நடந்து பள்ளிக்குப் போகிறார்கள். மறுபுறம், நம் ஊரில் பொது இடம் பறிபோனதற்கு 1991 காத்திருக்கவும் இல்லை. தியாகராய நகர் 1920-களிலேயே நீண்ட ஏரியை வற்றவைத்து எழுந்தது. 1976-ல் வள்ளுவர் கோட்டம் எழுந்ததும் நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில்தான். மெதுவான பொருளாதாரம் பொது இடத்தைக் காக்கவில்லை, வேகமான பொருளாதாரம் அதைத் தின்றே தீர வேண்டும் என்ற விதியும் இல்லை. இரண்டு காலத்திலும் முடிவெடுத்தவர்கள் மனிதர்கள்.

மூன்றாவது, எல்லாப் பழியையும் செல்போன் மேல் போடும் மறுப்பு. போனைப் பிடுங்கிவிட்டால் பிள்ளை ஓடி ஆடும் என்கிறார்கள். எங்கே ஓடும்? தெரு அடைபட்டது, காலி மனையில் வீடு எழுந்தது, பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் எடுத்துக்கொண்டார். இத்தனையும் பெருமளவு நடந்து முடிந்த பிறகுதான் ஸ்மார்ட்போன் வந்தது. காலியான இடத்தில் அது வந்து உட்கார்ந்தது. போன் கெடுதல் செய்யவில்லை என்று வாதாட வேண்டியதில்லை. அதை எடுத்துவிட்டு அதன் இடத்தில் வைப்பதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது என்று சொல்லியாக வேண்டும்.

ஏக்கத்தால் என்ன பயன்?

ஏங்கிவிட்டுப் போகட்டுமே, யாருக்கு நஷ்டம் என்று விடுவதற்கில்லை. விசாரிக்காத ஏக்கம் இரண்டு கெடுதல் செய்கிறது. ஒன்று, பழியைப் பிள்ளைகள் மேல் போடுகிறது: இவர்களுக்குப் பொறுமை இல்லை, விட்டுக்கொடுக்கத் தெரியவில்லை, மண்ணில் காலே படவில்லை. மண்ணையெல்லாம் சிமென்ட் போட்டு மூடிய தலைமுறை, மண்ணில் கால் படவில்லை என்று பிள்ளையைத் திட்டுகிறது. இரண்டு, வேலைக்குப் போகும் தாய்மேல் பழி போடுகிறது. பாட்டி இருந்தாள், அம்மா வீட்டில் இருந்தாள், அதனால் வளர்ப்பு நன்றாக இருந்தது என்று. அவள் வீட்டில் இருந்ததற்குக் கொடுத்த விலையைப் பற்றிப் பேச்சில்லை.

விசாரித்த ஏக்கத்துக்கோ வேலை நிறைய இருக்கிறது. தமிழ்நாட்டின் கட்டிட விதிகளில், 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு போடுகிறவர்கள் சாலை போக மீதி நிலத்தில் 10 சதவீதத்தைப் பூங்கா, விளையாட்டுத் திடலுக்காக உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். ‘ஓ.எஸ்.ஆர். நிலம்’ என்று அதற்குப் பெயர். தன் குடியிருப்புக்கான அந்த நிலம் எங்கே இருக்கிறது, வேலியும் விளையாட்டும் இருக்கிறதா, கடையும் ஷெட்டும் ஏறிவிட்டதா என்பது பத்தில் ஒருவருக்குத் தெரிந்தாலே பெரிது. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் பள்ளிக்கு விளையாட்டு மைதானம் கட்டாயம். சேர்க்கை நேரத்தில் கட்டணமும் தேர்ச்சி விகிதமும் கேட்கும் பெற்றோர் மைதானத்தைக் கேட்பதில்லை. சென்னை பாண்டி பஜாரில் 2019-ல் நடைபாதையை அகலமாக்கியபோது, வண்டி நிறுத்த இடமில்லை என்ற முணுமுணுப்பு முதலில் வந்தது. மாலை நேரத்தில் அங்கே பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்தால், தெருவைத் திரும்ப வாங்குவது ஆகாத காரியம் இல்லை என்று தெரியும். கடைத்தெருவுக்குச் செய்ததை ஏழைகள் குடியிருக்கும் பகுதிகளின் தெருக்களுக்கும் கேட்க வேண்டும், ஏனென்றால் டர்ஃபுக்கு வாடகை கொடுக்க முடியாத பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள்.

எண்பதுகளில் இவற்றையெல்லாம் யாராவது கேட்டிருந்தால், நாட்டில் பணமில்லை என்ற பதில் தயாராக இருந்தது, அதில் உண்மையும் இருந்தது. குழந்தையைக் காப்பாற்றத் தடுப்பூசியும் பசியாற்றச் சத்துணவும் முதலில் வேண்டியிருந்தன; அவற்றைச் சாதித்ததில் தமிழ்நாடு பெருமைப்படலாம். இப்போது அந்தப் பதில் செல்லாது. மெட்ரோவுக்கும் மேம்பாலத்துக்கும் ஆயிரக்கணக்கான கோடி இருக்கிற மாநிலத்தில் வார்டுக்கு ஒரு திடல் போடவும் பள்ளியைச் சுற்றி ஒரு நடைபாதை போடவும் பணமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் சிலருக்கு மட்டும் வாய்த்த தெருவையும் திடலையும் பொதுப் பள்ளியையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுக்கும் வசதியை, நாம் குறைசொல்லும் அதே வளர்ச்சிதான் கொண்டுவந்திருக்கிறது. கேட்டுப் பெறாமல் வெறுமனே ஏங்கிக்கொண்டிருந்தால், இன்னும் முப்பது ஆண்டுகளில் அடுத்த தலைமுறை இதே குறையைச் சொல்லும்; அதற்குக் காரணமானவர்களின் பட்டியலில் நம் பெயரும் இருக்கும்.